பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால்: ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளை வீட்டில் படிக்க வைப்பது எப்படி

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடின தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி வருஷம் போயிருந்தது. ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி ஒரு மாதம் மூடல். இனிமேல் அப்படி நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அப்போது வீடுகளில் எது உருப்படியாக நடந்தது, எது வெறும் நேரக்கொலை என்று ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக நான் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். காய்ச்சல், மழை, வெள்ளம் எதற்காகப் பள்ளி மூடினாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்றப் பார்க்காதீர்கள். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை பீரியடு போட்டு உட்கார வைத்த வீடுகளில் இரண்டாவது வாரமே அழுகையும் அடியும்தான் மிச்சம். சின்ன வகுப்புக்குத் தினமும் நடக்க வேண்டியது மூன்றே காரியம்: கொஞ்சம் வாய்விட்டு வாசிப்பது, கொஞ்சம் சொந்தமாக எழுதுவது, கொஞ்சம் கையால் தொட்டு எண்ணுவது. மீதிப் பாடம் போனால் போகட்டும். மூன்றாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் அப்புறம் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாப் பாடமும் சேர்ந்தே போய்விடும்.

எவ்வளவு நேரம்

2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புக்காக மத்திய அரசு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷம் போதும் என்றது. திரைக்குச் சொன்ன அந்தக் கணக்கு வீட்டுப் படிப்புக்கும் சரியாகவே இருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு அரை மணி, சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து கை கால் கழுவினதும் ஒரு அரை மணி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை என்றால் பதினைந்து நிமிஷத்திலேயே நெளிய ஆரம்பிக்கும், எழுந்து ஓடவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள்.

எத்தனை நேரம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். கடிகாரத்தைப் பார்த்து வைக்க வேண்டாம், வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இட்லித் தட்டைக் கழுவி வைத்ததும் பாயை விரிப்பது என்று ஒரு வாரம் விடாமல் செய்தால், அடுத்த வாரம் பிள்ளையே பாயை எடுத்து வரும். தனி அறை, மேசை, நாற்காலி எதுவும் தேவையில்லை, டிவி ஓடாத ஒரு மூலை போதும். அந்த அரை மணிக்குப் பெரியவர்கள் யாராவது ஒருவர் கையில் போன் இல்லாமல் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுதான் உண்மையில் கஷ்டம்.

போன் விஷயம்

நிறைய வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்கு வந்த வீட்டுப்பாடத்தைப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழுதும், இல்லாவிட்டால் அம்மாவே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவார். (அந்தக் கையெழுத்து ஆசிரியருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியும்.) இதற்குப் பதிலாக, எங்கள் வீட்டில் போன் இரவில்தான் வரும், மறுநாள்தான் அனுப்ப முடியும் என்று ஆசிரியரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வீடியோவாக இல்லாமல் குரல் பதிவாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், டேட்டாவும் குறைவு, சின்னப் போனிலும் ஓடும்.

தமிழ்நாட்டு அரசுப் பாடப்புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது, திக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். வைஃபை கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் டேட்டா இல்லாமலே பார்க்கலாம். போனே இல்லையென்றால் கல்வித் தொலைக்காட்சி. 2019லேயே தொடங்கிவிட்டார்கள், கொரோனா காலத்தில்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் டிவியைப் போட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், படித்துக்கொண்டிருக்காது. முடிந்ததும் "டீச்சர் என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். இரண்டு வாக்கியம் சொன்னாலே அன்றைக்கு அது போதும்.

நேரலை ஆன்லைன் வகுப்பைப் பற்றி என் கருத்து வேறு. நாற்பது பிள்ளைகள் ஒரே திரையில், யாரோ வீட்டுக் குக்கர் விசில், "மிஸ் கேக்குதா மிஸ்" என்பதிலேயே பாதி நேரம் காலி. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. டீச்சர் முகத்தையும் சிநேகிதர்களையும் பார்க்கக் கிடைக்கிற சந்தோஷத்துக்காக விடலாம், தவறிப்போனால் பதற வேண்டாம்.

வாசிப்பு

இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள். முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள், வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிமிஷ வேலைதான். ஒரு தாளில் பத்து எழுத்து கலைத்துப் போட்டு எழுதுங்கள், கீழே படம், மரம், பட்டம், கூடை மாதிரி சில சொற்கள், அதற்கும் கீழே இரண்டு சின்ன வாக்கியங்கள். எங்கே தடுக்கி நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுத்திலேயே தடுமாறினால் நான்காம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத்திலிருந்தே தொடங்குவதுதான் சீக்கிரமான வழி. மானப் பிரச்சினையாக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "க கா கி கீ" என்று கடகடவென்று ஒப்பிப்பதைக் கேட்டு எழுத்து தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். நடுவில் "கு"வை மட்டும் தனியாகக் காட்டினால், பிள்ளை மனசுக்குள் கவிலிருந்து ஆரம்பித்து விரலை மடக்கி மடக்கிக் கூவுக்கே போய்விடும். எழுத்துகளைச் சின்னச் சின்னச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, முன்னும் பின்னுமாகக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு சீட்டுக்கு மேல் வேண்டாம்.

உகரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் திணறும். கு, டு, மு, ரு ஒரு மாதிரி வளையும், சு, பு, வு கீழே இறங்கும், து, நு, லு வேறு ஒரு வழியில் போகும். ஒரு குறியைக் கற்றுக்கொண்டால் எல்லா எழுத்துக்கும் போடலாம் என்ற வசதி இதில் கிடையாது, ஆகையால் இந்த மூன்று தினுசையும் தனித்தனி நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கொம்பும் காலும். "கொடி" என்ற சொல்லைப் பல பிள்ளைகள் "கெ... கா... டி" என்று வாசிக்கும். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு துணைக்கால், தனித்தனியாகப் பார்க்கிற பிள்ளைமேல் என்ன தப்பு? கொம்பையும் காலையும் உங்கள் இரண்டு விரலால் மறைத்து முதலில் "க" மட்டும் காட்டுங்கள். கொம்பிலிருந்து விரலை எடுங்கள், கெ. காலிலிருந்தும் எடுங்கள், கொ. நாலைந்து சொல்லில் இப்படிச் செய்தால் பிடிபட்டுவிடும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசமும் இதே விரல் வேலையில் சரியாகும். ஔ வரிசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், ஔவையார் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சொல் வாசிக்க வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லாமே புத்தகம்தான். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதைப் பிள்ளையிடம் கொடுத்து நல்ல நேரம், ராகுகாலம், கிழமை எல்லாம் வாசிக்கச் சொல்லுங்கள். மளிகைக் கவர், சோப்பு உறை, ரேஷன் கடைப் பலகை, மிக்சர் கட்டி வந்த பழைய பேப்பர்த் துண்டு. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்னடா ஆச்சு" என்று கேட்டால் போதும், பாட்டிக்கு எழுத்து தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வாசிக்கும்போது ஒவ்வொரு தப்புக்கும் குறுக்கே பாயாதீர்கள். வாக்கியம் முடியட்டும். பொருள் மாறிப்போகிற தப்பென்றால் மட்டும் "இந்தச் சொல்லை இன்னொரு தடவை பாரு" என்று விரலை வையுங்கள். ர ற, ல ள ழ, ன ண இதெல்லாம் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் குழம்பத்தான் செய்யும், பெரியவர்களே வாட்ஸ்அப்பில் என்ன எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுத்து

பாடத்தில் இருக்கிற கேள்வி பதிலைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது பிள்ளையைச் சத்தமில்லாமல் உட்கார வைக்க உதவும், வேறு எதற்கும் இல்லை. என்ன எழுதினாய் என்று கேட்டால் தெரியாது. அதற்குப் பதில் மூன்று வாக்கியம், சொந்தமாக. காலையில் என்ன சாப்பிட்டேன், பூனை குட்டி போட்டது, மாமா வீட்டுக்குப் போக முடியவில்லை, எதுவானாலும் சரி. கடைக்குப் போகும்போது சாமான் சீட்டைப் பிள்ளை கையால் எழுத வையுங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும். "துவரம்பருப்பு" என்பதை எப்படி எழுதினாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம், கடையிலிருந்து வந்த பொட்டலத்தைக் காட்டி "நீ எழுதினதும் இதுவும் ஒண்ணா பாரு" என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். ஸ்லேட்டு இருந்தால் இன்னும் நல்லது, அழித்துவிடலாம் என்கிற தைரியத்தில் கை தாராளமாக ஓடும்.

கணக்கு

வீட்டில் புளியங்கொட்டையோ சோழியோ தீக்குச்சியோ இருக்கிறதா? தென்னந்துடைப்பத்தில் நாலு ஈர்க்கை உருவி ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்து வைத்தாலும் சரி. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். நாற்பத்திரண்டு என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரி. இதைப் பிள்ளை கையாலேயே எண்ணிக் கட்டட்டும்.

இப்போது 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நோட்டில் போட்டால் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, நாலிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்கணும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று கத்துவதால் பிரயோசனம் இல்லை. குச்சியைக் கொடுத்து ஏழு எடு என்று சொல்லுங்கள். கையில் உதிரி இரண்டுதான் இருக்கும். முழிக்கும். அந்த முழிப்பை அவசரப்பட்டுக் கலைக்காமல் காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். கழற்றினதும் உதிரி பன்னிரண்டு, ஏழு போக ஐந்து. மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. இருபத்தைந்து. கடன் வாங்குவது என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்கவே வேண்டாம். குச்சியில் நாலைந்து நாள் செய்த பிறகு அதையே நோட்டில் போடச் சொல்லுங்கள்.

விளையாட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரமபதத்தில் நூறு வரை எண்கள் தானாக வரும், தாயத்தில் மனக்கூட்டல் வரும். பல்லாங்குழியில் பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஐந்தாம் வாய்ப்பாடு அங்கேயே இருக்கிறது. காசு விவகாரம் இன்னும் நல்லது. ஐம்பது ரூபாயில் முப்பத்தாறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்பதை வீட்டிலேயே கடை வைத்து விளையாடலாம், ஊரடங்கில் வெளியே கூட்டிப்போக முடியாதே. வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வேண்டும், ஆனால் நாலு மூணு பன்னிரண்டு என்றால் நாலு வரிசையில் மும்மூன்று புளியங்கொட்டை என்று அடுக்கிக் காட்டிவிட்டு ஒப்பிக்கட்டும்.

ஆங்கிலத்துக்குத் தினமும் பத்து நிமிஷம் போதும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் வராதே, பிள்ளை இங்கிலீஷ் மீடியம் ஆச்சே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழில் சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாசிப்பைச் சொல்லிக்கொடுப்பது எளிது. முதலில் தமிழை முடியுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், படிக்காதவர்கள்

"நானே அஞ்சாவதோட நின்னவ, என்னத்தச் சொல்லிக் குடுக்க" என்று சொன்ன அம்மாக்கள் நிறைய. பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், புளியங்கொட்டையை எண்ணச் சொல்லுங்கள், இது எல்லாருக்கும் முடியும். நீங்கள் கதை சொல்லுங்கள், திரும்பப் பிள்ளை சொல்லட்டும். அதுவும் படிப்புதான்.

வேலை முடிந்து வந்து அலுத்துப் போயிருந்தால் தெருவில் யாராவது கல்லூரியில் படிக்கிற பெண்ணோ பையனோ இருப்பார்கள், நாலைந்து பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கின இல்லம் தேடிக் கல்வியும் இந்த வழிதான்: சாயங்காலம் ஐந்து முதல் ஏழு மணிக்குள் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தருவது. தொற்று காலத்தில் கூட்டம் சேர்க்காமல், காற்றோட்டமான வெளி இடத்தில், மாஸ்க் போட்டு, காய்ச்சல் இருமல் இருக்கிற பிள்ளையை அன்றைக்கு விட்டுவிட்டு நடத்த வேண்டும். வீட்டில் பெரிய அக்கா இருக்கிறாளே என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள், அவளுக்கும் படிப்பு இருக்கிறது. சமையல், பாத்திரம், தம்பி என்று ஆரம்பித்துப் படிப்பையே விட்ட அக்காக்கள் உண்டு.

மனசு, வயிறு

வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால், வேலை போய்விட்டால், யாராவது தவறிவிட்டால், சில நாள் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஏழு வயசுப் பிள்ளை திரும்பப் படுக்கையில் சிறுநீர் கழித்தால், அம்மா முந்தானையையே விடாமல் சுற்றினால், திடீரென்று அடித்தால் கடித்தால், அது அடத்துக்குச் செய்வதல்ல, பயத்தில் செய்வது. தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லி வைக்காதீர்கள், பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். புரிகிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிக்க வேண்டாம். சித்தி மகளோடு ஒப்பிடவும் வேண்டாம், அவள் என்ன படிக்கிறாள் என்பது உங்களுக்கு வீடியோ காலில் தெரிந்த அளவுதான். உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் அன்றைக்கு வாசிப்பு மட்டும், அதுவும் நீங்கள் வாசிக்கப் பிள்ளை கேட்கட்டும்.

பள்ளி மூடினால் சத்துணவும் நிற்கும். அதற்கு ஈடாகக் கொரோனா காலத்தில் அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். இது மாதிரி அறிவிப்பு வந்தால் கூச்சப்படாமல் பள்ளியில் கேட்டு வாங்குங்கள், அது பிள்ளையின் உரிமை.

திறந்த பிறகு

2021 ஜனவரியில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில், தமிழ்நாடு அதில் இல்லை, இரண்டாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை பதினாறாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. நூற்றுக்கு 92 பிள்ளைகள் முந்தின வருஷம் தெரிந்திருந்த மொழித் திறன் ஏதாவது ஒன்றையாவது மறந்திருந்தார்கள், கணக்கில் 82. உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கிவிட்டது என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளைக்கு எழுத்து தெரியுமா, சொல் வருமா, கழித்தல் எங்கே நிற்கிறது என்று வீட்டில் பார்த்ததை மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் ஸ்லேட்டையும் மூன்று வாக்கிய நோட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அம்மா எழுதி அனுப்பின வீட்டுப்பாடத்தை நம்பி ஆசிரியர் மேலே போய்விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரத் தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் குழு பிரித்தார்கள். உங்கள் பிள்ளையை அரும்பில் உட்கார வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள், மொட்டுக்குப் போக என்னென்ன வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சாயங்கால அரை மணியைப் பள்ளி திறந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.